மீன் வியாபாரி மகள் விமானம் ஓட்டிய கதை
எமி ஜான்சன் (1903 – 1941)



நம்ம கூட்டமைப்பு மலரில் சாதனைப் பெண் ஒருவருடைய வாழ்க்கைக் கதை இடம் பெறுவது வழக்கம். இந்த முறை கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போவோம். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கலாம். காரணம் இருக்கு. நம்மில் பலருடைய வீட்டில் இப்போது காலேஜ் படிக்கிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். டிகிரி முடிச்சாச்சு, வேலை கிடைக்கலையே என்கிற பேச்சும், படிச்சுக்கிட்டே வேறு ஒரு தொழிலும் கத்துக்கட்டும் என்கிற பேச்சும் கூட்டத்துக்குக் கூட்டம் வருகிறது. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வி ஒரு மீன் வியாபாரி மகளுக்கும் வந்தது. அவர் பட்டமும் வாங்கினார், டைப்பிஸ்ட் வேலையும் பார்த்தார், விமானம் ஓட்டவும் கற்றார், அதை ரிப்பேர் பார்க்கவும் கற்றார். பெயர் எமி ஜான்சன்.

பிறந்த வீடு

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஹல் என்று ஒரு துறைமுக நகரம். மீன்பிடிப் படகுகளும் ஏலக்கூடமும் ஐஸ் பெட்டிகளும் நிறைந்த ஊர். அங்கே 1903 ஜூலை 1-ஆம் தேதி எமி பிறந்தார். அப்பா குடும்பத்தோடு மீன் வியாபாரம் செய்தவர். நான்கு பெண் பிள்ளைகள், அதில் எமி மூத்தவர். நாலும் பொண்ணாப் போச்சே என்று அந்த அப்பா உட்கார்ந்துவிடவில்லை. மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பினார், பிறகு காலேஜுக்கும் அனுப்பினார். இந்தக் கதையில் அந்த அப்பா பின்னாலும் வருவார், மறந்துவிடாதீர்கள்.

பள்ளியில் எமி ஓட்டமும் விளையாட்டுமாக இருந்த பெண். கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் உடைந்தது. அதிலிருந்து சிரிக்கக் கூச்சம், பேசக் கூச்சம். துணிச்சலான பெண் என்று உலகமே பிற்பாடு பேசிய எமி, உள்ளுக்குள் இப்படிக் கூச்சம் உள்ள பெண்ணாகத்தான் வளர்ந்தார்.

பட்டம் வாங்கியாச்சு, அடுத்து என்ன?

1922-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1925-இல் பொருளாதாரத்தில் பி.ஏ. பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே காலேஜ் வாசலை மிதித்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். பட்டம் வாங்கிய பெண்ணுக்குத் திறந்திருந்த முக்கியமான கதவு டீச்சர் வேலை. எமிக்கு அதில் மனசு போகவில்லை.

பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தார்? சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றார். சொந்த ஊரில் ஆபீஸ் வேலை பார்த்தார், பிடிக்கவில்லை. 1927-இல் லண்டனுக்குப் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் விற்பனைப் பெண்ணாகச் சில நாள் நின்றார். பிறகு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் பொருளாதாரம் படித்த பெண், யாரோ சொல்லச் சொல்ல வேறு யாருடைய கடிதங்களையோ தட்டிக்கொண்டிருந்தார். நம்ம வீட்டில் எம்.காம். முடித்த பிள்ளை ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

அதோடு ஒரு மனக்காயமும் சேர்ந்தது. பல வருஷமாக அவர் விரும்பிய ஒருவர் 1928-இல் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். எமி உடைந்துபோனார். வேலையும் பிடித்தம் இல்லை, வாழ்க்கையும் வெறிச்சென்று இருந்தது. வயது இருபத்தைந்து. இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். மனசு நல்லா இருக்கும்போதுதான் புதுசா ஒண்ணு கத்துக்க முடியும் என்று நாம் நினைக்கிறோம். இவர் நொந்துபோன மனசோடு போய்க் கற்றுக்கொண்டார்.

ஆபீஸும் விமானக் களமும்

லண்டனின் வடக்குப் பக்கம் ஸ்டாக் லேன் என்று ஒரு சின்ன விமானக் களம். அங்கே லண்டன் ஏரோபிளேன் கிளப் இருந்தது. அதுவரை விமானம் ஓட்டுவது பணக்காரர்கள் சமாச்சாரம். 1925-லிருந்து பிரிட்டிஷ் அரசு இந்த மாதிரி கிளப்புகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. சாதாரணச் சம்பளக்காரரும் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகக் கட்டணம் குறைக்கப்பட்டது. அந்த மானியம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஒரு டைப்பிஸ்ட் பெண் விமானத்தில் கால் வைத்திருக்கவே முடியாது. சரியான நேரத்தில் கிடைக்கிற சின்ன உதவி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது குழு நடத்துகிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

இன்னொரு விஷயமும் கவனியுங்க. இங்கிலாந்தில் ஆணுக்கு நிகராக 21 வயதிலேயே பெண்ணும் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் வந்ததும் அதே 1928-இல்தான். அதுவரை முப்பது வயது ஆனால்தான் பெண்ணுக்கு ஓட்டு. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் விமானம் ஓட்டப் போகிறாள் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1928 செப்டம்பரில் முதல் பாடம். அன்றைக்கு மாட்டிவிட்ட தலைக்கவசம் ரொம்பப் பெரியது. காதில் சரியாகப் பொருந்தாததால் ஆசிரியர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கியதும் உனக்கு இது வராது என்று சொல்லாத குறையாகப் பேசிவிட்டார். கவசம் பொருந்தவில்லை என்று யாரும் பார்க்கவில்லை, பெண்ணுக்கு அறிவு போதாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எமி அடுத்த பாடத்துக்கும் போனார்.

ஆசிரியர் துணை இல்லாமல் தனியாக விமானத்தை மேலே கொண்டுபோய் இறக்குவது ஒரு பெரிய கட்டம். பலரும் பத்து மணி நேரப் பயிற்சிக்குள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிடுவார்கள். எமிக்கு பதினைந்தே முக்கால் மணி நேரம் ஆனது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்ட வேண்டும், ஆபீஸ் இல்லாத நேரத்தில் போக வேண்டும், மழையும் பனியும் இல்லாத நாளாகவும் அமைய வேண்டும். இப்படியே எட்டு ஒன்பது மாதம் ஓடியது. 1929 ஜூன் மாதம்தான் தனியாகப் பறந்தார். ஜூலையில் விமானி உரிமம் கைக்கு வந்தது.

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விமானி, மற்றவர்களைவிட மெதுவாகக் கற்றவர் என்பதை நாம் நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு எழுதத் தடுமாறுகிற உறுப்பினரைப் பார்த்து இவங்களுக்கு வராது என்று பக்கத்தில் இருக்கிறவர் சொன்னால், இந்தப் பதினைந்தே முக்கால் மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஸ்பானர்

ஓட்டக் கற்றதோடு எமி நிற்கவில்லை. களத்தில் விமானங்களை நிறுத்தி ரிப்பேர் பார்க்கிற கொட்டகை இருந்தது. அங்கே ஆண்கள் மட்டும்தான் வேலை செய்தார்கள். பெண் உள்ளே வந்தால் இடைஞ்சல் என்று நினைத்தார்கள். தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸ் மட்டும் இந்தப் பெண்ணின் ஆர்வத்தைப் பார்த்து இடம் கொடுத்தார். எமி காலையில் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னாலும், மாலையில் ஆபீஸ் விட்ட பிறகும் அங்கே போனார். இன்ஜினைப் பிரிப்பது, துடைப்பது, மறுபடி பூட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றார். கையெல்லாம் கிரீஸ், நகத்துக்குள் கறுப்பு. அதே கையோடு பகலில் டைப் அடித்தார். கொஞ்ச நாளில் மெக்கானிக்குகள் அவரை ஜானி என்று ஆண் பிள்ளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஒரு கட்டத்தில் ரெண்டு குதிரையில் சவாரி செய்ய முடியவில்லை. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதையே படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். காலேஜுக்குச் செலவு செய்த அப்பா, வேலையையும் விட்டுட்டு இது என்ன கூத்து என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொஞ்ச காலம் பண உதவி செய்ய ஒப்புக்கொண்டார். 1929 டிசம்பரில் அரசின் தரைப் பொறியாளர் உரிமம் எமிக்குக் கிடைத்தது. விமானத்தின் இன்ஜினைச் சோதித்து, பறக்கலாம் என்று சான்று கொடுக்கிற உரிமம் அது. பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் இவர்தான்.

ஆக பட்டம் ஒன்று, ஓட்டும் உரிமம் ஒன்று, பழுது பார்க்கும் உரிமம் ஒன்று என்று மூன்றும் கையில். ஆனாலும் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுக்க விமான உலகம் தயாராக இல்லை. தகுதி இருந்தும் வேலை இல்லை. அப்போதுதான் பெரிசா ஒண்ணு செஞ்சு காட்டினால் ஒழிய யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று முடிவு செய்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறப்பது என்று திட்டம் போட்டார். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத வேலை அது.

பணம் சேர்ந்த கதை

திட்டம் சரி, விமானத்துக்குப் பணம்? எமி பல பேருக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைகள், கம்பெனிகள், பெரிய மனிதர்கள் என்று கதவு கதவாகத் தட்டினார். பல கதவுகள் திறக்கவே இல்லை. கடைசியில் அரசு விமானத் துறைத் தலைவர் செஃப்டன் பிராங்கர் இவருடைய கடிதத்தைப் படித்து, எண்ணெய் வியாபாரியான வேக்ஃபீல்டு பிரபுவிடம் சிபாரிசு செய்தார். வேக்ஃபீல்டு ஒரு பங்கு கொடுத்தார். இன்னொரு பங்கை மீன் வியாபாரி அப்பா கொடுத்தார். நம்ம பாஷையில் சொன்னால் சொந்தப் பங்கு ஒரு பாதி, வெளி உதவி ஒரு பாதி. ஏறக்குறைய 600 பவுண்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் விமானம் வாங்கப்பட்டது. ஜிப்சி மாத் என்கிற வகை. மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய சின்ன விமானம், ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்கு மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். வேகமும் நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

அந்த விமானத்துக்கு ஜேசன் என்று பெயர் வைத்தார். அது அவர்கள் குடும்ப மீன் வியாபாரத்தின் டிரேட் மார்க் பெயர். அப்பாவின் மீன் பெட்டி மேல் இருந்த பெயரைத்தான் மகள் விமானத்தின் மேல் எழுதிக்கொண்டு உலகத்தைச் சுற்றினார்.

பத்தொன்பது நாள் பயணம்

1930 மே 5, காலை. லண்டன் பக்கத்தில் கிராய்டன் விமானக் களம். வழியனுப்ப அப்பாவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேரும்தான். எமிக்கு வயது 26. அதுவரை அவர் பறந்த அதிக தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரைக்கும்தான். இப்போது போக வேண்டியது 11,000 மைல், அதாவது ஏறக்குறைய 17,700 கிலோமீட்டர். ரேடியோ கிடையாது. கையில் சில வரைபடங்கள், ஒரு திசைகாட்டி. உடைந்தால் மாற்றுவதற்கு ஒரு புரொப்பல்லரை விமானத்தின் பக்கவாட்டில் கட்டி எடுத்துக்கொண்டார்.

பறக்கும்போது கூடுதல் டாங்கியிலிருந்து பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து மேலே ஏற்ற வேண்டும். அந்த வாடையில் குமட்டும். நாள் முழுக்கப் பறந்துவிட்டு இறங்கினால் தூங்க முடியாது. ராத்திரி உட்கார்ந்து இன்ஜினைச் சுத்தம் செய்து சரிபார்க்க வேண்டும். அதற்கு ஆள் வைக்கப் பணம் இல்லை. கொட்டகையில் கிரீஸ் கையோடு கற்றது இங்கேதான் உயிரைக் காப்பாற்றியது.

வியன்னா, கான்ஸ்டான்டினோபிள், அலெப்போ என்று போனார். பாக்தாத் போகிற வழியில் புழுதிப் புயல். கண் தெரியாமல் விமானம் கீழே கீழே இறங்கியது. பாலைவனத்திலேயே எப்படியோ இறக்கிவிட்டார். காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத் தன் மூட்டை முடிச்சுகளைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். புயல் அடங்கும் வரை அங்கேயே காத்திருந்து மறுபடி கிளம்பினார்.

மே 10-ஆம் தேதி, ஆறாவது நாள், கராச்சி வந்து சேர்ந்தார். அன்றைக்கு அது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. இதற்கு முன் இதே வழியில் தனியாகப் பறந்து சாதனை செய்தவர் பெர்ட் ஹிங்க்லர் என்கிற ஆஸ்திரேலியர். 1928-இல் பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். கராச்சிக்கு வந்தபோது எமி அவரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். அன்றைக்குத்தான் உலகப் பத்திரிகைகள் முழித்துக்கொண்டன. வழியனுப்ப ஆள் இல்லாமல் கிளம்பிய பெண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார்கள்.

கராச்சியிலிருந்து அலகாபாத் போக வேண்டும். எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது. ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் விமானம் கட்டிடங்களுக்கு நடுவே ஓடி, இறக்கை அடிபட்டது. அங்கே இருந்தவர்கள் தட்டிச் சரி செய்து கொடுத்தார்கள். அலகாபாத், கல்கத்தா வழியாக பர்மா பக்கம் கிளம்பினார்.

ரங்கூனில் பருவமழை பிடித்துக்கொண்டது. இறங்க வேண்டிய இடம் தெரியாமல், பக்கத்தில் இன்சீன் என்ற ஊரில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். விமானம் ஓடிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. புரொப்பல்லர் உடைந்தது, இறக்கைத் துணி கிழிந்தது, சக்கரப் பகுதியும் சேதம். நல்ல வேளை, அது ஒரு அரசு தொழில்நுட்பப் பள்ளியின் மைதானம். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். கிழிந்த இறக்கைக்குத் துணி வேண்டும். முதல் உலகப் போரில் மிச்சமான விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தன. அவற்றைப் பிரித்து ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். கட்டி எடுத்துவந்த புரொப்பல்லரை மாட்டினார்கள். ஆனால் மூன்று நாள் போய்விட்டது. ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்கும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது.

இங்கே விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எமி விடவில்லை. பாங்காக், சிங்கப்பூர் தாண்டி ஜாவா தீவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் குச்சிகள் இறக்கையில் ஓட்டை போட்டன. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வைத்து அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு பறந்தார். தைமூர் தீவில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வேறு ஒரு கிராமத்தில் இறங்கினார். செய்தி ஏதும் வராததால் கடலில் விழுந்துவிட்டார் என்று உலகம் பயந்தது. கடைசியாகக் கடல் மேல் ஐந்நூறு மைல் தாண்டி, மே 24-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். மொத்தம் பத்தொன்பதரை நாள்.

நேரச் சாதனை இல்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெயரை யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது.

புகழும் பாரமும்

அதற்குப் பிறகு நடந்தது பெரிய திருவிழா. அரசு விருது வந்தது. ஒரு பத்திரிகை பத்தாயிரம் பவுண்டு கொடுத்தது. அவர் பேரில் பாட்டு எழுதிப் பாடினார்கள். லண்டனுக்குத் திரும்பியபோது தெருவெல்லாம் ஜனக்கடல். கிளம்பும்போது சில பேர், திரும்பும்போது லட்சக்கணக்கானோர்.

கூச்ச சுபாவம் உள்ள பெண்ணுக்கு இது தாங்கவில்லை. ஊர் ஊராகப் போய் மேடையில் நிற்க வேண்டிய ஏற்பாட்டைப் பாதியிலேயே நிறுத்தினார், உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. புகழ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம், அதுவும் ஒரு சுமைதான்.

அந்த நேரத்தில் சிட்னி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து அவருக்கு அனுப்பினார்கள். அதை எமி தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தங்கக் கோப்பை ஒன்று வாங்கி, தைரியமான செயல் செய்யும் குழந்தைக்குக் கொடுக்கும்படி தன் ஊரான ஹல் நகரத்துக்குத் தந்துவிட்டார்.

பறப்பதை அவர் விடவில்லை. 1931-இல் பழைய குரு ஜாக் ஹம்ஃப்ரீஸோடு லண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோ போய், அங்கிருந்து ஜப்பான் தலைநகர் டோக்கியோ வரை பறந்தார். கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டவரைப் பெரிய பயணத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டது நமக்குப் பிடித்த விஷயம். 1932-இல் ஜிம் மோலிசன் என்கிற விமானியைக் கல்யாணம் செய்தார். அதே வருஷம் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து, தன் கணவர் வைத்திருந்த சாதனையையே முறியடித்தார். 1933-இல் இருவரும் சேர்ந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். அமெரிக்கக் கரையில் பெட்ரோல் தீர்ந்து விழுந்து, காயத்தோடு தப்பினார்கள்.

பத்திரிகைகள் அவர்களைப் பறக்கும் ஜோடி என்று கொண்டாடின. வீட்டுக்குள் நிலைமை வேறு. கணவரின் குடியும் மற்ற பெண்களோடு இருந்த தொடர்பும் குடும்பத்தைக் கெடுத்தன. 1938-இல் விவாகரத்து ஆனது. ஆகாயத்தில் புயலைத் தாண்டியவராலும் வீட்டில் அடித்த புயலைச் சகித்துக்கொண்டே இருக்க முடியவில்லை. அவர் விலகி, மறுபடி பிறந்த வீட்டுப் பெயரான ஜான்சன் என்றே வாழ்ந்தார்.

இந்த வருஷங்களில் அவர் செய்த இன்னொரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. பொறியியல் வேலைக்கு வரும் பெண்களுக்கென்று பிரிட்டனில் ஒரு சங்கம் இருந்தது. 1935 முதல் 1937 வரை எமி அதன் தலைவர். தான் தனியாகத் தட்டித் திறந்த கதவை மற்ற பெண்களுக்கும் திறந்துவைக்கச் சங்கம் வழியாக உழைத்தார்.

கடைசிப் பயணம்

புகழ் மங்கியபோது வருமானமும் மங்கியது. உலகம் சுற்றிய விமானி, சின்னத் தூரத்துக்குப் பயணிகளை ஏற்றி இறக்கும் விமான வேலையையும் கௌரவக் குறைவு என்று பார்க்காமல் செய்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940-இல் விமானப் போக்குவரத்துத் துணைப் படையில் சேர்ந்தார். தொழிற்சாலையிலிருந்தும் ரிப்பேர் இடத்திலிருந்தும் விமானங்களை ராணுவத் தளங்களுக்கு ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ஆண்கள் செய்த அதே வேலை, ஆனால் பெண்களுக்குச் சம்பளம் குறைவு. 1943-இல்தான் அந்தப் படையில் பெண்களுக்கும் சம சம்பளம் வந்தது. அதைப் பார்க்க எமி உயிரோடு இல்லை.

1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு விமானத்தைக் கொண்டுபோக வேண்டும். ஒன்றரை மணிக்குள் முடிய வேண்டிய பயணம். வானிலை மோசம், கீழே மேகம் மூடிக் கிடந்தது. பல மணி நேரம் கழித்து, வழி தவறிய நிலையில், தேம்ஸ் நதி கடலில் கலக்கிற இடத்தில் பாராசூட்டோடு ஒருவர் தண்ணீரில் விழுவதைக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஹேசில்மியர் என்கிற அந்தக் கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், உறைய வைக்கும் குளிரில் கடலுக்குள் குதித்தார். காப்பாற்ற முடியவில்லை. அவரும் உயிரை விட்டார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37.

கூரை இல்லாத அந்த ஜேசன் விமானம் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறைக் கட்டிடம் ஒன்றுக்கு எமி ஜான்சன் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அவர் படித்தது பொருளாதாரம். பெயர் வாங்கித் தந்தது இன்ஜின்.

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு

இதைப் படித்துவிட்டு என் பொண்ணும் பைலட் ஆகணும் என்று யாராவது கேட்டால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நம்ம நாட்டில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். அதை மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கிறது. காலேஜ் பட்டம் வேறு, இந்த உரிமம் வேறு. பட்டம் இருந்தால் உரிமம் தானாக வராது. உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, 200 மணி நேரப் பறக்கும் பயிற்சி எல்லாம் உண்டு. ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருப்பது நல்லது. பறக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டம் முடிக்கிற பிள்ளைகளும் உண்டு. ரெண்டும் சேர்ந்த படிப்பு என்று விளம்பரம் வந்தால், பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தது, பறக்கும் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் இருக்கா, எத்தனை மணி நேரம் பறக்கவைப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செலவு பல லட்சம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண், காது, இதயம் என்று எல்லாம் பார்ப்பார்கள். பீஸ் கட்டிய பிறகு தகுதி இல்லை என்று தெரிந்தால் கடன்தான் மிஞ்சும். ஓட்டுவதில் ஆர்வம் இல்லாத, கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் என்று தனிப் படிப்பும் இருக்கு. எமி கையில் ஸ்பானரோடு வாங்கிய உரிமத்துக்கு அது தூரத்து உறவு.

எல்லாப் பிள்ளையும் விமானம் ஓட்டப் போவதில்லை. அது லேப் டெக்னீஷியன் படிப்பாக இருக்கலாம், டிராக்டர் ஓட்டுவதாக இருக்கலாம், டேலியில் கணக்கு எழுதுவதாகவும் இருக்கலாம். பட்டத்தோடு கைத்தொழில் ஒன்றும் சேர்ந்து வரட்டும். கற்றுக்கொள்ள மெதுவாக ஆனால் திட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள். வேலையை விட்டுட்டுப் படிக்கணும் என்று பொண்ணு கேட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள், முடிந்தால் அந்த மீன் வியாபாரி அப்பாவைப் போல ஒரு பங்கு கொடுங்கள். மிச்சப் பங்குக்கு நம்ம குழு இருக்கு.